உள்ளத்தின் சோர்வும் உயிரணுவின் மூப்பும்

உள்ளத்தில் நிகழ்வது உடலிலே தோன்றும் என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயலை வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை எண்ணிக் காட்டினார். பிரிவால் வாடிய தலைவியின் மேனியில் பசலை படர்வதும், தோள் மெலிவதும், முன்கை வளை நெகிழ்வதும் அகப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வருவன. புலவர்கள் கண்டது கண்ணுக்குத் தெரியும் மேனியை. கண்ணுக்குத் தெரியாத உயிரணுவின் உள்ளேயும் துயரம் தடம் பதிக்கின்றதா என்பது இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவியலார் எழுப்பிய வினா. அவ்வினா எழுந்த வரலாறும், அதற்குக் கிடைத்த விடையும், அவ்விடைக்கு உள்ள எல்லையுமே இவ்வுரையின் பொருளாகும்.

ஈண்டுத் துயரம் என்று குறிக்கப்படுவது எது என முதலில் வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். உற்றாரை இழந்தவர் அழுவதும், தோல்வி கண்டவர் சில நாள் துவள்வதும் வாழ்வின் இயல்பு, அவை நோயல்ல. மருத்துவர் மனச்சோர்வு நோய் என்று கூறுவது வேறு. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதியும் உள்ளம் இருண்டு கிடத்தல், முன்பு மகிழ்வளித்தவற்றில் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் குலைதல், காரணமின்றிக் களைத்தல், தன்னையே குற்றவாளியாகக் கருதுதல், சாவைப் பற்றிய எண்ணம் ஓயாது வருதல் ஆகிய குறிகள் பல ஒருங்கே காணப்படும் நிலை அது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விடாது தொடருமாயின் அது நாட்பட்ட மனச்சோர்வு எனப்படும். சிலரிடம் இந்நோய் பத்து, இருபது ஆண்டுகள் விட்டு விட்டு வந்து வாழ்வையே அரிப்பதும் உண்டு.

இத்தகைய நோயாளிகளிடம் மருத்துவ உலகம் நெடுநாள் கண்டு வந்த ஒரு புதிர் உண்டு. இவர்களுக்கு மாரடைப்பும் நீரிழிவும் பிறரினும் மிகுதியாக வருகின்றன. முதுமைக்குரிய தளர்ச்சி முன்னதாகவே வருகின்றது. தற்கொலையால் நேரும் இறப்புகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டாலும் இவர்களுடைய ஆயுள் சராசரியில் குறுகியே நிற்கின்றது. உணவில் கருத்தின்மை, புகைப்பழக்கம், நடமாட்டக் குறைவு ஆகியன ஒரு பகுதிக் காரணமாகலாம். ஆயினும் அவற்றையெல்லாம் கழித்த பின்னும் எஞ்சி நிற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. அவ்வெச்சத்தின் காரணத்தைத் தேடியவர்கள், உயிரணு மூப்படையும் முறையை ஆராய்ந்தவர்களோடு ஓரிடத்தில் சந்தித்தனர். அச்சந்திப்பைப் புரிந்துகொள்ள உயிரணு ஆய்வின் வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், உடலிலிருந்து பிரித்தெடுத்த உயிரணுக்கள் தக்க ஊட்டம் பெற்றால் சாவின்றிப் பெருகும் என்ற கொள்கையே கோலோச்சியது. நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெல் 1912இல் கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்துத் தொடங்கிய உயிரணு வளர்ப்பு, அவர் மறைந்த பின்னரும் 1946 வரை பேணப்பட்டதாக அறிவிக்கப்பெற்றது. அக்கொள்கையை உடைத்தவர் லியோனார்டு ஹேஃப்லிக். பிலடெல்பியா நகரின் விஸ்டார் ஆய்வு நிலையத்தில் பால் மூர்ஹெட் என்பாருடன் இணைந்து 1961இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மனித உயிரணு ஏறத்தாழ ஐம்பது முறை பிளவுற்ற பின் பிளவை நிறுத்திக்கொள்கிறது என்று காட்டினார். உடனே அது மடிந்துவிடுவதில்லை. ஆனால் பெருகும் ஆற்றலை இழந்து மூப்புற்றுக் கிடக்கின்றது. அங்ஙனமாயின் தன் பிளவுகளை எண்ணி வைக்கும் கணக்கன் ஒருவன் உயிரணுவுக்குள் இருத்தல் வேண்டும். அவன் யார், எங்கிருக்கிறான் என்பது விளங்கவில்லை.

அக்கணக்கன் இருக்கும் இடத்தைக் கருத்தளவில் கண்டவர் உருசிய நாட்டு அலெக்சி ஒலொவ்னிகோவ். ஹேஃப்லிக்கின் கண்டுபிடிப்பைப் பற்றி 1966இல் மாஸ்கோவில் ஓர் உரை கேட்டுத் திரும்புகையில், சுரங்க ரயில் நிலையத்தில் வந்து நின்ற ரயில் அவர் சிந்தையைத் தூண்டியது. தண்டவாளத்தை மரபுச் செய்தி தாங்கிய டி.என்.ஏ. சரடாகவும், ரயிலை அச்சரடைப் படியெடுக்கும் நொதியாகவும் கொண்டால், ரயில் தான் நிற்கும் அடியிடத்தைத் தானே படியெடுக்க இயலாதன்றோ? ஆகவே ஒவ்வொரு படியெடுப்பிலும் சரடின் முனையில் ஒரு சிறு துண்டு விடுபட்டே தீரும். 1971இல் அவர் இதனை வெளியிட்டு, விளிம்பு வெட்டுறுதல் என்று பொருள்படும் பெயரையே அதற்கு இட்டார். மறு ஆண்டில் அமெரிக்காவின் ஜேம்ஸ் வாட்சனும் முனைப் படியெடுப்பில் உள்ள இச்சிக்கலைத் தனியே சுட்டிக்காட்டினார்.

ஓலைச்சுவடியோடு பழகியோர்க்கு இது எளிதில் விளங்கும். ஏட்டின் இரு புறத்திலும் எழுத்தில்லாத ஓரம் விடுவது சுவடி எழுதுவோர் வழக்கம். காலத்தால் சிதைவது முதலில் ஓரமே. சிதைவு எழுத்தைத் தொடும் வரை நூல் பிழைத்திருக்கும். தொட்டபின் பொருள் கெடும். மரபுச் சரடுகளான குரோமோசோம்களின் இரு முனைகளிலும் இத்தகைய ஓரங்கள் உள்ளன. முனை என்றும் பகுதி என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஹெர்மன் முல்லர் 1938இல் அவற்றுக்கு டெலோமியர் என்று பெயரிட்டார். ஈக்களை ஆராய்ந்த அவரும், மக்காச்சோளத்தை ஆராய்ந்த பார்பரா மெக்லின்டாக்கும், முறிந்த குரோமோசோம் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும் இயற்கையான முனைகள் அவ்வாறு ஒட்டாதிருப்பதையும் கண்டு, முனைக்குத் தனிக் காப்பு உண்டு என்று உணர்ந்தனர்.

அக்காப்பின் இயல்பை எழுத்தெழுத்தாகப் படித்தவர் எலிசபெத் பிளாக்பர்ன். குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்னும் ஒற்றை உயிரணு உயிரிக்குக் குறுங்குரோமோசோம்கள் ஏராளம்; ஆகவே முனைகளும் ஏராளம். அதனைத் தேர்ந்து, யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் காலுடன் அவர் நடத்திய ஆய்வு 1978இல் வெளிவந்தது. ஒரே குறுந்தொடர் பாட்டின் பல்லவிபோல் முனையில் திரும்பத் திரும்ப வருவதை அது காட்டிற்று. மனிதரிடம் அத்தொடர் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்னும் ஆறு எழுத்துகளால் ஆனது என்பது 1988இல் அறியப்பட்டது. பிளாக்பர்னின் மாணவியான கேரல் கிரைடர் 1984ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, தேய்ந்த முனையை மீண்டும் நீட்டித் தரும் நொதி ஒன்று இயங்குவதற்கான சான்றைக் கண்டார். டெலோமரேஸ் என்று அது பெயர் பெற்றது. பிளாக்பர்ன், கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் ஆகிய மூவர்க்கும் 2009இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இதனிடையே 1990இல், மனித உயிரணு பிளவுறுந்தோறும் முனை குறுகுகின்றது என்பதும் நேரடியாக அளந்து காட்டப்பட்டிருந்தது. ஹேஃப்லிக் தேடிய கணக்கன் கிடைத்துவிட்டான்.

ஆயின் இக்கணக்கன் பிளவுகளை மட்டும் எண்ணுபவன் அல்லன். டெலோமியர் எழுத்துகளுள் குவானின் என்னும் காரம் மிகுதி. அது ஆக்சிஜனேற்றத்தால் எளிதிற் கெடுவது. ஆகவே உடலில் தீங்கான ஆக்சிஜன் துகள்கள் பெருகினால், பிளவின் எண்ணிக்கை கூடாமலேயே முனை விரைந்து தேயும். நெடுநாள் நீடிக்கும் அழற்சி, வெள்ளையணுக்களை அடிக்கடி பிளவுறத் தூண்டி அதே விளைவைத் தரும். அஞ்சும்போதும் கலங்கும்போதும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து எழும் கார்ட்டிசால் என்னும் இயக்குநீர், முனையைப் புதுக்கும் டெலோமரேஸின் செயலைத் தாழ்த்துவதாக ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நோய்த்தடுப்பு அணுக்களில் காணப்பட்டது. ஆக்சிஜனேற்றம், அழற்சி, கார்ட்டிசால் ஒழுங்கின் குலைவு ஆகிய மூன்றும் மனச்சோர்வு நோயாளர் பலரிடம் முன்னரே கண்டறியப்பட்டவை. இரு ஆய்வு நெறிகளும் சந்தித்த இடம் இதுவே.

சந்திப்பின் முதல் ஒலி 2004இல் கேட்டது. சான்பிரான்சிஸ்கோவில் உளவியலார் எலிசா எப்பெல், பிளாக்பர்னுடன் இணைந்து 58 பெண்களின் வெள்ளையணுக்களை ஆராய்ந்தார். அவர்களுள் 39 பேர் நாட்பட்ட நோயுற்ற குழந்தையைப் பேணும் தாயர். ஏனையோர் நலமுள்ள குழந்தையின் தாயர். நோயுற்ற குழந்தையின் தாய் என்ற ஒன்றினால் மட்டும் முனை குறுகியிருக்கவில்லை. ஆனால் அவர்களுள் எத்தனை ஆண்டுகள் அச்சுமையைத் தாங்கினார்களோ அத்தனைக்கு முனை குறுகியிருந்தது. தம் மன அழுத்தம் மிகப் பெரிது என்று உணர்ந்தோர்க்கும் அது சிறிது என்று உணர்ந்தோர்க்கும் இடையே இருந்த வேறுபாடு, பத்தாண்டு மூப்புக்குக் குறையாதது என்று மதிப்பிடப்பட்டது. அத்தாயர் மனநோயாளர் அல்லர் என்பது மறக்கலாகாது. எனினும் உள்ளத்தின் சுமை உயிரணுவின் ஏட்டில் ஏறக்கூடும் என்பதற்கு அது முதற் சான்றாயிற்று.

2006இல் பாஸ்டன் நகரில் நவோமி சைமனும் உடனாய்வாளரும், நெடுநாள் மனநிலைக் கோளாறு உற்றோர் 44 பேரை, நலமுள்ளோர் 44 பேரோடு ஒப்பிட்டனர். நோயுற்றோரின் முனைகள் குறுகியிருந்தன. அக்குறுக்கம் பத்தாண்டு மூப்பு வரை ஒத்திருக்கலாம் என்று அவர்கள் கணித்தனர். இச்செய்தி இதழ்களில் பரவியது. மனச்சோர்வு பத்தாண்டைப் பறிக்கும் என்ற வாசகமாக அது சுருங்கியும் போயிற்று. அறிவியலில் சிறு குழுவை வைத்துப் பெறும் பெரிய எண் பெருங்குழுவை வைத்து அளக்கும்போது சிறுத்துவிடுவது வழக்கம். பின்னர் நேர்ந்ததும் அதுவே.

2011இல் சான்பிரான்சிஸ்கோவின் ஓவன் வோல்கோவிட்சும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அளவில் மிகச் சிறியது. மருந்து உட்கொள்ளாத நோயாளர் 18 பேரும் நலமுள்ளோர் 17 பேருமே அதில் இடம்பெற்றனர். இரு குழுக்களையும் முழுமையாக ஒப்பிட்டபோது வேறுபாடே இல்லை. ஆனால் நோயாளர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் மொத்தம் எத்தனை ஆண்டுகள் சோர்வில் கழித்தனர் என்று கணக்கிட்டுப் பார்த்தபோது வேறொரு காட்சி தோன்றியது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நோயில் கழித்தோரின் முனைகள், நலமுள்ளோரின் முனைகளைவிட 281 கார இணைகள் குறுகியிருந்தன. அது ஏறத்தாழ ஏழாண்டு மூப்புக்கு ஈடு. குறைந்த காலம் நோயுற்றோரிடம் அக்குறுக்கம் காணப்படவில்லை. நோய் வந்தது என்பதினும் நோய் எவ்வளவு காலம் நீடித்தது என்பதே பொருட்டு என்னும் கருத்துக்கு இது வித்திட்டது. சிறு ஆய்வாதலின் அதனை முதற்கட்ட முடிவு என்றே அவர்கள் அடக்கத்துடன் அழைத்தனர்.

பெரிய அளவில் விடை காண நெதர்லாந்து நாடு களமாயிற்று. மனச்சோர்வையும் பதற்ற நோயையும் நெடுங்காலம் தொடர்ந்து ஆராய, அந்நாட்டில் 2004இல் பிரெண்டா பென்னிங்ஸ் தலைமையில் ஒரு பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம், லைடன், குரோனிங்கன் ஆகிய நகரங்களைச் சார்ந்து 18 முதல் 65 வயதினர் 2981 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 2407 பேரின் டெலோமியர் அளவை யோசினே வெர்ஹூவன் முதலானோர் 2013இல் வெளியிட்டனர். நலமுள்ளோர் 510 பேரின் சராசரி 5541 கார இணைகள். அப்போது நோயுற்றிருந்த 1095 பேரின் சராசரி 5460. முன்பு நோயுற்று அப்போது தேறியிருந்த 802 பேரின் சராசரி 5459. ஆண்டொன்றுக்குத் தேய்வது ஏறத்தாழ 14 கார இணை என்பதால், வேறுபாடு நான்கு முதல் ஆறு ஆண்டு மூப்புக்கு ஈடாகின்றது. உடற்பருமன், புகை, குடி முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் அது மறையவில்லை. நோயுற்றிருந்தோருள்ளும் கடுமை மிகுந்தவர்க்கும் காலம் நீண்டவர்க்கும் முனை மேலும் குறுகியிருந்தது.

இவ்வெண்களுள் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. தேறியோரின் சராசரியும் நோயுற்றோரின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றே. இதற்கு இருவகையில் பொருள் கூறலாம். புண் ஆறினும் வடு எஞ்சுவதுபோல, நோய் விலகிய பின்னும் அதன் தேய்வு நிற்கின்றது என்பது ஒன்று. முனை குறுகிய நிலை நோய்க்கு முன்னரே இருந்தது. நோயும் குறுக்கமும் ஒரே வேரிலிருந்து எழுந்த இரு கிளைகள் என்பது மற்றொன்று. அதே நெதர்லாந்துத் திட்டத்தில் ஆறாண்டு இடைவெளியில் மீண்டும் அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, வேறுபாடு உறுதியாக நிலைத்து நிற்கின்றது என்றும், ஆனால் ஒருவரது நோய் கூடுவதற்கும் குறைவதற்கும் ஏற்ப அவர் முனை கூடிக் குறையவில்லை என்றும் காட்டியது. மனத்தின் ஏற்றத்தாழ்வை நாள்தோறும் காட்டும் வெப்பமானியாக டெலோமியரைக் கொள்ள இயலாது என்பது தெளிவாயிற்று.

முன்னரே இருந்த குறுக்கம் என்னும் கருத்துக்கு வலுவூட்டும் சான்றுகளும் உள. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயன் காட்லிப் குழுவினர், 10 முதல் 14 வயது வரையுள்ள 97 சிறுமியரை ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவருக்கும் மனச்சோர்வு வந்ததில்லை. ஆயினும் திரும்பத் திரும்ப மனச்சோர்வுக்கு ஆளான தாயரின் மகளிர் 50 பேரிடம், ஏனையோரினும் முனைகள் குறுகியிருந்தன. குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு உள்ளான பெரியவர்களிடம், மனநோய் இல்லாதபோதும், குறுக்கம் இருப்பதாக 2010இல் ஆட்ரி டைர்க்கா குழுவினர் கண்டனர். ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில், காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், காப்பகத்தில் கழிந்த காலம் கூடக்கூட முனையின் குறுக்கமும் கூடியிருந்தது. தொட்டிலிலும் தாய்மடியிலும் நிகழ்வது, அல்லது நிகழாமற் போவது, பிற்கால நோய்க்கும் உயிரணுவின் தேய்வுக்கும் பொது வேராகக்கூடும் என்பதை இவை உணர்த்துகின்றன.

எனினும் நோயின் பங்கையும் ஒதுக்கிவிட இயலாது. மீண்டும் மீண்டும் மனச்சோர்வுக்கு ஆளான சீனப் பெண்களையும் அந்நோயற்ற பெண்களையும் ஒப்பிட்ட பேராய்வொன்று 2015இல் வெளிவந்தது. அதில் ஆராயப்பட்டோர் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர். நோயுற்றோரிடம் முனைகள் குறுகியிருந்ததோடு, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வும் மிகுந்திருந்தது. வாழ்வில் கொடுந்துன்பம் கண்டும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகாத பெண்களிடம் அம்மாற்றங்கள் காணப்படவில்லை. எலிகளைச் சில வாரங்கள் அழுத்தத்துக்கு உள்ளாக்கியபோது அதே மாற்றங்கள் தோன்றின; அழுத்தம் நீங்கியபின் அவை ஓரளவு மீண்டன. இருவகைப் பொருளும் ஒரு பகுதி உண்மையாகலாம் என்பதே இன்றைய நிலையில் சொல்லத்தக்க முடிபு.

டெலோமியர் ஒன்றே மூப்பின் அடையாளம் என்பதும் இல்லை. வயது ஏற ஏற டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் என்னும் வேதிக்குறி ஏறியும் இறங்கியும் அமைகின்றது. எழுத்து மாறாமல் எழுத்தின் மேல் புள்ளி மாறுவது போன்றது இது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஸ்டீவ் ஹோர்வாத் 2013இல் இத்தகைய 353 இடங்களைக் கொண்டு ஒருவரது வயதை மதிப்பிடும் கடிகாரம் ஒன்றை அமைத்தார். நெதர்லாந்துத் திட்டத்தில் நோயுற்றோர் 811 பேரையும் நலமுள்ளோர் 319 பேரையும் ஒப்பிட்டு 2018இல் லோரா ஹான் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நோயுற்றோரின் உயிரணு வயது சற்று முந்தியிருந்தது. அவ்வேறுபாடு சராசரியில் ஓர் ஆண்டுக்கும் குறைவு. ஒரு கடிகாரம் நான்காண்டு, ஆறாண்டு என்கிறது. இன்னொன்று ஓர் ஆண்டும் இல்லை என்கிறது. ஒவ்வொன்றும் மூப்பின் ஒவ்வொரு பக்கத்தை அளக்கின்றது என்பதே இதற்கு விளக்கம்.

இனி இம்முடிவுகளின் எல்லை. 34,347 பேரை உள்ளடக்கிய 38 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2016இல் கேத்ரின் ரைடவுட் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வு, மனச்சோர்வுக்கும் குறுகிய முனைக்கும் தொடர்பு உண்டு என்று உறுதிசெய்தது. ஆனால் அத்தொடர்பு சிறிது. எத்துணைச் சிறிது என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். நோயுற்ற ஒருவரையும் நலமுள்ள ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, யாருடைய முனை நீண்டது என்று பார்ப்பதாகக் கொள்வோம். இவ்வாறு நூறு இணைகளைப் பார்த்தால், ஏறத்தாழ 56 இணைகளில் நலமுள்ளவருடையதும் 44 இணைகளில் நோயுற்றவருடையதும் நீண்டிருக்கும். பெருங்கூட்டத்தின் சராசரியில் ஐயமின்றித் தெரியும் ஒன்று, தனி மனிதரிடம் ஏறக்குறைய ஒன்றும் சொல்லாமற் போகின்றது. ஒரு துளிக் குருதியை எடுத்து, இவர் மனச்சோர்வு உடையவர், இவர் இத்தனை ஆண்டு இழந்தார் என்று உரைக்க இயலாது. மேலும் அளக்கப்படுவது குருதியின் வெள்ளையணுவே; சோர்வுறும் மூளையின் அணு அன்று.

இவ்வெல்லையை மறைத்து வணிகம் நடத்துவோரும் உளர். டெலோமியர் நீளத்தை அளந்து உண்மை வயதைச் சொல்வதாகச் சோதனைகளும், முனையை நீட்டுவதாக மாத்திரைகளும் விற்பனைக்கு வந்தன. 2011இல் அச்சோதனைகள் சந்தைக்கு வந்த வேளையில், ஒருவரது முனையின் நீளத்தால் அவருக்கு நேரப்போவது இன்னது என்று சொல்லும் அளவுக்கு அறிவியல் வளரவில்லை என்று கேரல் கிரைடரே வெளிப்படையாகக் கூறினார். அந்நொதியைக் கண்டவரின் சொல் ஆதலின் அதற்கு எடை உண்டு. மாத்திரைகளைப் பொறுத்தவரை எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். புற்றுநோய் வகைகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் டெலோமரேஸ் மிகுந்து இயங்குகின்றது; சாவின்றிப் பெருகும் ஆற்றலை அவ்வணுக்கள் பெறுவது அந்நொதியின் துணையாலேயே. மூப்பைத் தடுக்கும் கதவும் புற்றுக்குத் திறக்கும் கதவும் அருகருகே உள்ளன.

அங்ஙனமாயின் இத்துணை ஆய்வினால் நோயாளர்க்கு விளைந்த நன்மை யாது என்று அவையோர் வினவலாம். முதல் நன்மை, ஒரு பழியைத் துடைத்தது. மனச்சோர்வு உற்றவரை நோக்கி ஊரும் உறவும் சொல்லும் சொற்கள் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. எல்லாம் மனந்தானே, தைரியமாக இரு என்பர். வேலையில்லாதவர் வியாதி என்பர். நினைத்தால் எழுந்துவிடலாம், எழ மனமில்லை என்பர். குருதியின் அணு ஒன்று அதன் மரபுச் சரடின் முனையில் தேய்வைக் காட்டும்போது, அதனை நடிப்பு என்றோ சோம்பல் என்றோ கூற இயலாது. உடல் வேறு, உள்ளம் வேறு என்று பிரித்து, உடல் நோய்க்கு இரக்கமும் உள்ள நோய்க்கு ஏளனமும் காட்டும் வழக்கத்துக்கு இவ்வாய்வுகளில் இடமில்லை.

இரண்டாவது நன்மை, காலத்தின் அருமையை உணர்த்தியது. வோல்கோவிட்சின் சிறு ஆய்வும் நெதர்லாந்தின் பேராய்வும் ஒருசேரக் காட்டுவது, சோர்வில் கழியும் ஆண்டுகளின் எண்ணிக்கைக்கும் தேய்வுக்கும் தொடர்பு உண்டு என்பதை. தானாகவே சரியாகும் என்று ஐந்தாண்டு காத்திருப்பதும், ஊரார் அறிவர் என்று அஞ்சிப் பத்தாண்டு மறைப்பதும் விலையற்ற செயல்கள் அல்ல. விரைந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல், மருந்தையும் உளவழிச் சிகிச்சையையும் இடையில் நிறுத்தாமல் தொடர்தல், மீண்டும் நோய் வராமல் காத்தல் ஆகியவற்றால் நோயாளரின் இன்றைய துன்பம் தணிகின்றது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. அவற்றால் முனையின் தேய்வும் தடைப்படுமா என்பது இன்னும் ஆராயப்பட வேண்டிய ஒன்று. ஆயினும் துன்பம் தணிதலே சிகிச்சைக்குப் போதிய காரணம். டெலோமியர் அதற்குச் சாட்சி சொல்லக் காத்திருக்க வேண்டுவதில்லை.

மூன்றாவதாக ஒரு கடமையும் பிறக்கின்றது. பழியைத் துடைத்த அறிவே புதிய பழியைச் சுமத்தும் கருவியாகிவிடலாகாது. உன் அணுக்கள் முதிர்ந்துவிட்டன, உன் ஆயுள் குறைந்துவிட்டது என்று நோயாளரிடம் சொல்வது, தன்னையே குற்றவாளியாகக் கருதும் நோயின் குரலோடு சேர்ந்து பாடுவதாகும். அது அறிவியலுக்கும் ஒவ்வாது. சராசரியில் காணப்பட்ட சிறு வேறுபாடு எந்தத் தனி மனிதரின் தலையெழுத்தும் அன்று. மருந்து பெறாத நோயாளரிடம் டெலோமரேஸின் செயல் குன்றாமல், பிறரினும் மிகுந்தே இருந்தது என்று வோல்கோவிட்சின் குழுவினர் 2012இல் கண்ட செய்தி இங்கே நினைக்கத்தக்கது. தேய்வை ஈடுசெய்ய உடல் மேற்கொள்ளும் முயற்சியாக அது இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். எழவும் மனமின்றி ஒருவர் படுக்கையில் கிடக்கும் வேளையிலும், அவருடைய அணுக்கள் முனைகளைப் புதுக்கும் பணியை விட்டுவிடவில்லை.

உயிரணுவின் ஏட்டில் எழுதப்பட்டதைப் படிக்கும் ஆற்றலை மனிதர் இப்போதுதான் எழுத்துக்கூட்டிக் கற்று வருகின்றனர். படித்த அளவில் அது கூறும் செய்தி தெளிவானது. மனச்சோர்வு மெய்யான நோய். அது நீடிக்கும் காலம் உடலுக்குச் சுமை. அதன் வேர் பல வேளைகளில் குழந்தைப் பருவம் வரை செல்வது. ஆதலின் காக்கப்பட வேண்டியோர் இருவர்: இன்று சோர்ந்து கிடப்பவர் ஒருவர், அவர் மடியில் வளரும் குழந்தை மற்றொருவர். தாய்க்குச் செய்யும் சிகிச்சை மகளுக்கும் சேரும் என்ற நம்பிக்கையோடு செயற்படுவதற்கு, இதுவரை படித்த பக்கங்களே போதுமானவை.